அலமாரிக்கு அடியில் தங்கும் வெப்பம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். சமையலறையின் மேல் அலமாரிக்கு அடியில், காய் நறுக்கும் மேடையின்மீது வெளிச்சம் விழும்படி பொருத்தப்படும் சிறு விளக்குகளைப் பற்றி, இன்னும் சரியாகச் சொன்னால் அவை வெளியிடும் வெப்பத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். விளக்கு பொருத்தும் தொழிலில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். வெளிச்சம் போதுமா என்று என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. வெப்பம் எங்கே போகும் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

அந்தக் கேள்வியை எனக்குள் எழுப்பியவர் என் தாயார். எங்கள் வீட்டு அலமாரிக்கு அடியில், ஒவ்வொன்றும் 20 வாட் அளவுள்ள 3 ஹாலோஜன் விளக்குகளை நானே பதித்திருந்தேன். ஒரு நாள் இரவு மாத்திரை டப்பாவைக் கையில் எடுத்த அம்மா, "இதன் அடிப்பக்கம் ஏன் வெதுவெதுப்பாக இருக்கிறது?" என்று கேட்டார். அலமாரியின் கீழ்த்தட்டைத் தொட்டுப் பார்த்தேன். விளக்குக்கு நேர் மேலே இருந்த இடம் நன்றாகச் சுட்டது. விளக்கைக் கழற்றியபோது, துளையைச் சுற்றிப் பிளைவுட் பழுப்பேறி, லேமினேட் ஓரம் நகக்கண் அளவுக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. 30 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும் என்று அட்டையில் அச்சிட்டிருந்த மாத்திரைகளைத்தான், மாலைதோறும் நான்கு மணி நேரம் நாங்கள் சூடேற்றிக்கொண்டிருந்தோம்.

ஹாலோஜன் பல்பு, தான் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கையே வெளிச்சமாக்குகிறது, மிச்சமெல்லாம் வெப்பம்தான். ரேடியோ பழுதுபார்ப்பவர் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். 60 வாட் ஹாலோஜன் விளக்குகள் அதைப் போல இரண்டுக்கும் மேற்பட்டவற்றுக்குச் சமம். அந்த வெப்பத்தில் ஒரு பகுதி வெளிச்சத்தோடு சேர்ந்து மேடையில் இறங்கி, நறுக்குகிற கையின்மீது படுகிறது. மறு பகுதி பல்பின் உடலிலிருந்து அலமாரித் தட்டுக்குள் ஏறுகிறது.

அவற்றைக் களைந்துவிட்டு எல்.இ.டி. பட்டைகளுக்கு மாறினேன். கையை நீட்டினால் சூடே தெரியவில்லை. பிரச்சினை தீர்ந்தது என்றே நம்பி, பட்டையின் பின்புறத் தாளை உரித்து நேரடியாக மரத்தில் ஒட்டினேன். சில மாதங்களில் அதன் ஒரு முனை கழன்று தொங்கியது. பசை இளகிப் பிசுபிசுத்திருந்தது. புதிதாக இருந்த துண்டோடு ஒப்பிட்டபோது, ஒளி மங்கியிருந்ததும் தெரிந்தது. எல்.இ.டி.யின் வெளிச்சத்தோடு, வெப்பத்தைச் சுமந்துவரும் அகச்சிவப்புக் கதிர் ஏறக்குறைய வருவதே இல்லை. அதனால்தான் முன்புறம் குளிர்ந்திருக்கிறது. ஆனால் அது உட்கொள்ளும் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் வெப்பமாகிப் பின்புறம் வழியாகத்தான் வெளியேறியாக வேண்டும். வெப்பம் இல்லாமல் போகவில்லை, நேயர்களே, முதுகுப் பக்கம் போய்விட்டது.

மரக் கைப்பிடி போட்ட கரண்டியைப் பிடித்துக் கொதிக்கும் குழம்பைக் கிளறினால் கை சுடுவதில்லை. கைப்பிடி இல்லாத உலோகக் கரண்டியானால் சுடுகிறது. மரம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. அலுமினியம் மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலாகக் கடத்தும். கைப்பிடிக்கு நன்மை செய்கிற அதே குணம் விளக்குக்குக் கேடாகிறது. மரத்தில் ஒட்டிய எல்.இ.டி. தன் வெப்பத்துக்குள்ளேயே தங்கி, மங்கி, நிறம் மாறி, ஆயுளை இழக்கிறது. ஆகவே பட்டையை அலுமினியச் சட்டத்துக்குள் ஒட்டி, அந்தச் சட்டத்தைத் திருகாணி போட்டு அலமாரியில் பொருத்துங்கள். சட்டம் வெப்பத்தைத் தன் நீளம் முழுவதும் பரப்பிக் காற்றிடம் ஒப்படைத்துவிடும். ஒட்டும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது. பட்டை முழுதும் உலோகத்தில் அழுந்திப் படிய வேண்டும். மறுபடியும் சொல்கிறேன்: மரத்தில் நேரடியாக ஒட்டாதீர்கள். இந்த ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டால்கூடப் போதும்.

நேரம் நெருங்கிவிட்டதாகச் சைகை வருகிறது. விரிவாகப் பேச எண்ணியிருந்த டிரைவரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பட்டைக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் அந்தச் சிறு பெட்டிக்குள் இருக்கும் மின்தேக்கிகளின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறத்தாழ பாதியாகக் குறையும். அதனால் அதை அடுப்புக்கு மேலேயோ, காற்றுப் புகாத பலகைக்குப் பின்னாலோ வைக்காதீர்கள். அதன் வாட் அளவு, பட்டைகளின் மொத்தத் தேவையைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். மாத்திரைகளையும் எண்ணெய்ப் புட்டிகளையும் விளக்குக்கு நேர் மேலே இல்லாத தட்டுக்கு மாற்றிவிடுங்கள். ஹாலோஜன் இன்னும் எரிகிற வீடுகளில், இன்றிரவு விளக்கை அணைத்ததும், அலமாரியைத் திறந்து கீழ்த்தட்டின் உட்புறத்தை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். வணக்கம்.