காந்தி அஞ்சல் தலை: அசலும் போலியும்

நேயர்களுக்கு வணக்கம். சுதந்திரத்தின் முதலாண்டு நிறைவு நாளான 1948 ஆகஸ்ட் 15 அன்று, காந்தியடிகளின் நினைவாக நான்கு அஞ்சல் தலைகள் வெளியாயின: ஒன்றரை அணா, மூன்றரை அணா, 12 அணா, 10 ரூபாய். அவர் வாழும் காலத்திலேயே அவரைச் சிறப்பிக்கத் திட்டமிடப்பட்டவை அவை. வெளிவந்தபோது அஞ்சலியாகிவிட்டன. காந்தியை அன்போடு அழைக்கும் ‘பாபு’ என்ற சொல் அவற்றில் இந்தியிலும் உருதுவிலும் இருக்கிறது. பிரிவினையின் ரணம் ஆறாத நேரத்தில் அந்த இரண்டு மொழிகளின் எழுத்துகளையும் ஒரே தாளில் சேர்த்து வைத்தார்களே, அதற்காகவே இந்தத் தொகுப்பை நான் கொண்டாடுவேன்.

சிறிய மதிப்புள்ள மூன்றும் இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன. சேகரிக்கத் தொடங்குபவர்கள் தயங்காமல் வாங்கலாம். சிக்கல் 10 ரூபாய்த் தலையில்தான். 10 ரூபாய் என்றால் அன்றைய கணக்கில் 160 அணா. அவ்வளவு கொடுத்து அதை வாங்கியவர்கள் குறைவு, கடிதத்தில் ஒட்டியவர்கள் அதைவிடக் குறைவு. கிராக்கி இருக்கும் இடத்துக்குப் போலியும் வந்து சேரும்.

அப்படி ஒன்று கைக்கு வந்தால், முகத்தை ரசிப்பதைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு லென்ஸை எடுங்கள். அசல் தலைகள் சுவிட்சர்லாந்தின் கூர்வாசியே அச்சகத்தில் போட்டோகிராவூர் முறையில் அச்சானவை. உருளையில் குடைந்த நுண்ணிய குழிகளில் மை நின்று தாளில் இறங்கும் முறை அது. அதனால் கன்னத்து நிழல் கருமையிலிருந்து வெளிர்நிறத்துக்கு மெல்ல வழுக்கிப் போகும். ஆஃப்செட்டில் அச்சிட்ட போலியில் அதே கன்னம் தனித்தனிப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். இந்த வேறுபாட்டை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. பார்த்துப் பழகுவதற்கு ஒன்றரை அணாத் தலையே போதும்.

அடுத்தது ஓரத்துப் பற்கள். இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை துளைகள் என்பதுதான் அளவு. இந்தத் தொகுப்புக்கு அது பதினொன்றரை. அளவுகோலில் பொருந்தாவிட்டால் சந்தேகப்படுங்கள். முத்திரை குத்திய தலையானால் தேதியையும் படியுங்கள். 1948 ஆகஸ்ட் 15க்கு முந்தைய தேதி இருந்தால் அது போலிதான், மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை.

இவ்வளவு சோதனைகளையும் தாண்டிவிடும் மோசடி ஒன்று உண்டு. கவர்னர் ஜெனரல் அலுவலகப் பயன்பாட்டுக்கென்று இந்தத் தலைகளில் சிலவற்றின் மேல் ‘சர்வீஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லை அச்சிட்டார்கள். அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் ராஜாஜி. 10 ரூபாயில் அப்படி அச்சிட்டது 100 மட்டுமே. 2017இல் அவற்றில் நான்கு சேர்ந்த ஒரு துண்டு பிரிட்டனில் ஐந்து லட்சம் பவுண்டுக்கு விலைபோனது. இப்போது யோசித்துப் பாருங்கள்: சாதாரண 10 ரூபாய் அசல் தலை ஒன்றை வாங்கி, அந்தச் சொல்லை மட்டும் அதன் மேல் அச்சிட்டுவிட்டால்? தாள் அசல், பற்கள் அசல், படமும் அசல். பொய் அந்த ஒற்றைச் சொல்லில் மட்டும் இருக்கும். எழுத்தின் வடிவம், மையின் தன்மை, அது விழுந்த இடம் ஆகியவற்றை உறுதியான அசலோடு ஒப்பிட்டால்தான் உண்மை வெளிப்படும். அது வீட்டு மேசையில் முடிகிற வேலை அல்ல. அங்கீகாரம் பெற்ற நிபுணர் குழுவின் சான்றிதழ் இல்லாமல் ‘சர்வீஸ்’ தலைக்குப் பணம் கொடுக்காதீர்கள். விற்பவர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் சரி.

பழைய பெட்டியில் காந்தி தலை ஒட்டிய உறை கிடைத்தால், தயவுசெய்து தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்துவிடாதீர்கள். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எந்தத் தேதியில் போனது என்ற சாட்சியெல்லாம் உறையில்தான் இருக்கிறது. கையால் தொடாமல் இடுக்கியால் எடுத்து, உறையோடு முழுதாக, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். வணக்கம்.