கறிக்கோழிக் கொட்டகைக்கு ஒரு மாற்று

நடுவர் அவர்களே, மன்னார்குடி அவையோரே, வணக்கம். ஆய்வகத்தில் வளர்க்கும் இறைச்சி விலங்கு வளர்ப்புக்கு அறமான மாற்றா என்ற கேள்விக்கு, ஆம் என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் கீதாரிகளை நினைவூட்டினார். சம்பா அறுவடை முடிந்ததும் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஆடுகளை ஓட்டிவந்து, அறுத்த வயல்களில் கிடை போட்டு, மண்ணுக்கு உரமும் தமக்குக் கூலியும் தேடும் அம்மக்களின் பிழைப்பைப் புது இறைச்சி அழித்துவிடும் என்றார். கிடையின் அருமை டெல்டாவில் யாருக்குத்தான் தெரியாது? ஆனால் இன்று நம் கறிக்கடைகளில் நாள்தோறும் பெருமளவில் விற்பனையாவது கீதாரியின் ஆடு அன்று, கறிக்கோழி. ஒரு கோழிக்குச் சுமார் ஒரு சதுர அடி என்ற கணக்கில் ஆயிரக்கணக்கில் அடைக்கப்பட்டு, ஏறக்குறைய ஆறே வாரங்களில் இரண்டு கிலோவைத் தாண்டும்படி உருவாக்கப்பட்ட அந்த இனத்தில், தன் உடற்பாரத்தையே தாங்க முடியாமல் கால் முடங்கிப் போகும் பறவைகள் உண்டு. வேறு மருந்து பலிக்காதபோது மனிதருக்குக் கடைசியாகக் கொடுக்கும் கொலிஸ்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கோழித் தீவனத்தில் கலந்து வந்த நிலையில், 2019இல் இந்திய அரசு அதை உணவுக்கான விலங்குகளுக்குத் தடைசெய்ய நேர்ந்தது. எங்கள் அணி மாற்றச் சொல்வது இந்தக் கொட்டகையைத்தான்.

ஆய்வக இறைச்சிக்கு, உயிருள்ள விலங்கிலிருந்து சிறு திசுவை எடுத்து, அதன் செல்களைச் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கலந்த ஊட்டக் கரைசலில், வெப்பம் காக்கும் கலன்களில் பெருக்குகிறார்கள். 2013இல் டச்சு அறிவியலாளர் மார்க் போஸ்ட் இப்படி உருவாக்கிய மாட்டிறைச்சியை இலண்டனில் சமைத்துக் காட்டியபோது, அந்த ஒரு துண்டுக்கு ஆன செலவு சுமார் 2,50,000 யூரோ. 2020 டிசம்பரில் சிங்கப்பூர் விற்பனைக்கே அனுமதி அளித்தது.

எதிரணியின் கூர்மையான கேள்வி, செல்கள் பெருக ஊட்டக் கரைசலில் சேர்க்கும் சீரம் பற்றியது. சினைப்பசுவை அறுக்கும்போது வயிற்றிலுள்ள கன்றின் இரத்தத்திலிருந்து எடுக்கும் சீரத்தில் வளர்ந்ததை அறம் என்பதா என்றார்கள். அதை நானும் அறம் என்று சொல்லமாட்டேன். ஆனால் சீரமே சேராத கரைசலில் வளர்த்த கோழியிறைச்சிக்கு 2023இல் சிங்கப்பூர் இசைவு தந்துவிட்டது. கலன்களுக்கு மின்சாரம் மிகுதியாக வேண்டும் என்பதும் உண்மையே. நிலக்கரி மின்சாரத்தில் ஓட்டினால் சூழலுக்குக் கிடைக்கும் ஆதாயம் குறையும். விலங்கு தப்பித்த வலி அதனால் திரும்பி வந்துவிடாது.

என் கவலை வேறு. இந்த நுட்பம் சில நிறுவனங்களின் காப்புரிமைக்குள் அடைபட்டுவிட்டால், நிறுவனத்திடம் குஞ்சு வாங்கி வளர்ப்புக் கூலிக்கு உழைக்கும் விவசாயி நாளை அந்தக் கூலியையும் இழப்பார். ஆகவே, ஐதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையம் 2019இல் மத்திய அரசின் நிதியோடு ஏற்றது போன்ற ஆய்வு, நம் ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் பொதுப்பணத்தில் நடக்க வேண்டும். அதன் பயன் கோழி வளர்ப்போருக்கு முதலில் சேர வேண்டும். கிடையையும் கொட்டகையையும் ஒன்றாக எண்ணாமல், எங்கள் அணிக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.