கெடு நாளில் பிறந்த தனியுரிமைச் சட்டம்

அவைத் தலைவர் அவர்களே, பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

நிறுவனங்கள் திரட்டும் தம் தனித் தகவல்கள்மீது மக்களுக்கு உரிமை தரும் கலிபோர்னியாவின் நுகர்வோர் தனியுரிமைச் சட்டம் 2018 ஜூன் 28 அன்று மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையான செனட்டில் 36-0 எனவும், கீழவையான பேரவையில் 69-0 எனவும் நிறைவேறி, அன்றைக்கே ஆளுநர் ஜெர்ரி பிரவுனின் கையொப்பத்தையும் பெற்றது. எதிர்வாக்கு ஒன்றுகூட விழாத அந்த நாளுக்குப் பின்னால் கடுமையான நடைமுறைப் போராட்டம் இருந்தது. இன்று நான் பேச வந்திருப்பது அதைப் பற்றித்தான்.

சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த கட்டட முதலீட்டாளர் அலஸ்டேர் மக்டாகர்ட், தனியுரிமைச் சட்டம் ஒன்றை நேரடியாக மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவர முயன்றார். தேவைப்பட்ட கையெழுத்துகள் 3,65,880. அவர் தரப்பு திரட்டியதோ ஆறு லட்சத்துக்கும் மேல். மக்கள் வாக்கால் நிறைவேறும் சட்டத்தை, அதுவே இடம் தந்தாலன்றி, மக்களிடம் மீண்டும் போகாமல் சட்டமன்றம் திருத்த முடியாது என்கிறது அந்த மாநில அரசியலமைப்பு. நிறுவனங்கள் அஞ்சியது இதற்குத்தான். 2014-இல் வந்த ஒரு சட்டத்தின்படி முன்மொழிந்தவர் தம் மனுவைத் திரும்பப் பெற ஒரு கெடு உண்டு. 2018-இல் அந்தக் கெடு ஜூன் 28. அதற்குள் சட்டமன்றம் ஏற்கத்தக்க மசோதாவை நிறைவேற்றினால் விலகிக்கொள்வதாக மக்டாகர்ட் ஒப்புக்கொண்டார்.

புதிய மசோதாக்களை அறிமுகம் செய்யும் காலம் பிப்ரவரியோடு முடிந்திருந்தது. ஆகவே, இணையச் சேவை நிறுவனங்களைக் கட்டுப்படுத்துவதற்காக பேரவை உறுப்பினர் எட் சாவ் கொண்டுவந்து, 2017-இல் செனட்டில் தேங்கிப்போன பேரவை மசோதா 375-ஐ எடுத்து, எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளடக்கம் முழுவதையும் மாற்றினார்கள். புதிய வடிவம் ஜூன் 21-இல் வெளிவந்தது. 25-இல் மேலும் திருத்தப்பட்டது. இறுதி வடிவம் வெளியாகி 72 மணி நேரம் கழிந்த பிறகே வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று 2016-இல் மக்களே விதித்த கட்டுப்பாடு எழுத்தளவில் காக்கப்பட்டது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் பேரவையில் பிறந்த மசோதா செனட்டில் உருமாறித் திரும்பும்போது, பேரவை உறுப்பினர்கள் அதை ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். ஒரு சொல்லையும் அங்கே திருத்த இயலாது. அத்தனை நிறுவனங்களின் வணிகத்தையும் கோடிக்கணக்கான மக்களின் தனிவாழ்வையும் தொடும் சட்டத்துக்கு ஒரு வாரம் போதும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த அவசரத்தில் சுருங்கியது, மீறலுக்கு ஆளான குடிமகன் தானே நீதிமன்றம் செல்லும் உரிமை. மக்டாகர்ட்டின் முன்மொழிவில் விரிவாக இருந்த அந்த உரிமை, சட்டத்தில் தரவுக் கசிவுக்கு மட்டும், ஒரு நிகழ்வுக்கு 100 முதல் 750 டாலர் வரையிலான இழப்பீட்டோடு நின்றது. மற்ற மீறல்களைத் தண்டிக்கும் பொறுப்பு மாநிலத் தலைமை வழக்குரைஞரிடம் போயிற்று. அந்தப் பொறுப்பைத் தம் அலுவலகம் மட்டும் சுமக்க இயலாது என்றே அன்றைய தலைமை வழக்குரைஞர் சேவியர் பெசெரா கருதினார். அவருடைய ஆதரவோடு செனட் உறுப்பினர் ஹானா-பெத் ஜாக்சன் 2019-இல் கொண்டுவந்த செனட் மசோதா 561, அந்த உரிமையை விரிவாக்க முயன்றது. அது நிதி ஒதுக்கீட்டுக் குழுவில் நின்றுபோனது. செலவு மிகுந்த மசோதாக்களை ஒதுக்கிவைத்து, பின்னர் ஒரே அமர்வில், விவாதமும் காரணமும் இன்றி விடுவிப்பதோ நிறுத்துவதோ அந்தக் குழுவின் வழக்கம். நிறுவனத்தின்மீது மக்கள் வழக்குத் தொடரலாமா என்ற கேள்வி முழு அவையின் வாக்குக்கு வராமலே முடிந்தது. வெளிப்படையாகத் தோற்றிருந்தால்கூட, யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று வாக்காளர் அறிந்திருப்பார். அந்த அறிவையும் இந்த வழக்கம் பறித்துவிட்டது.

கெடு இல்லாவிட்டால் சட்டமே வந்திருக்காது என்பார்கள். 2017-இல் சாவின் மசோதா தேங்கிப்போனதைப் பார்த்தால் அது உண்மைதான். மக்டாகர்ட்டே 2020-இல் 24-ஆம் முன்மொழிவோடு மக்களிடம் திரும்பினார். நவம்பரில் ஏறத்தாழ 56 விழுக்காட்டினர் அதை ஏற்றனர். தனியுரிமையைக் கண்காணிக்கத் தனி அமைப்பு ஒன்று அதன் மூலம் உருவானது. சட்டத்தின் நோக்கத்தை வளர்க்கும் திருத்தங்களை மட்டுமே இனிச் சட்டமன்றம் செய்யலாம் என்ற கட்டுப்பாடும் பிறந்தது. குடிமகன் வழக்குத் தொடரும் உரிமையோ பெரிதும் 2018-இல் நின்ற இடத்திலேயே நிற்கிறது.