நீல கௌராமி: குஞ்சு பொரிச்ச பிறகு வர்ற மூணு வாரம்

[காட்சி: ஒரு நீல கௌராமி மேலே வந்து காற்றைக் கவ்விக்கொண்டு செடிகளுக்குள் இறங்குகிறது]

கௌராமியை முட்டை போட வைக்கிறது பெரிய கஷ்டம் இல்ல. ஆணும் பெண்ணும் நல்லா தின்னு கொழுத்திருந்து, தண்ணி கொஞ்சம் சூடா, அலையில்லாம இருந்தா போதும், ஒரே நாள்ல 500, 800 முட்டை வந்துடும். மூணு வாரம் கழிச்சு அதே டேங்க்கைப் பார்த்தா பத்து குஞ்சு கூட மிஞ்சியிருக்காது. நிறைய வீடுகள்ல இதுதான் நடக்குது. அதனால ஜோடி சேர்க்கிறதைச் சுருக்கமா பார்த்துட்டு, குஞ்சு நீந்த ஆரம்பிக்கிற நாள்ல இருந்து அது மேல வந்து காத்து குடிக்கப் பழகுற நாள் வரைக்கும் என்ன செய்யணும்ங்கிறதுல நிதானமா நேரம் எடுத்துக்கலாம்.

முதல்ல மீன். கடையில நீல கௌராமி, கோல்டன் கௌராமி, ஓபலைன்னு தனித்தனிப் பேர்ல விக்கிறது எல்லாமே ஒரே இனம்: ட்ரைக்கோபோடஸ் ட்ரைக்காப்டெரஸ். 1770-ல பல்லாஸ்ங்கிற விலங்கியல் அறிஞர் விவரிச்ச மீன். தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம், மலேசியா, இந்தோனேசியாவுல குளம், வயல், சதுப்புன்னு தேங்கின தண்ணியில வாழுது. நல்லா வளர்ந்தா வீட்டு டேங்க்ல 10-லிருந்து 13 சென்டிமீட்டர் வரைக்கும் வரும். பொடியா இருக்கும்போது அழகா இருக்குன்னு ஒன்றரை அடி டேங்க்ல அஞ்சாறு வாங்கிப் போட்டுடாதீங்க. ஒரு ஆண், ரெண்டு பெண். அதுக்கு 3 அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் உள்ள டேங்க், ஏறக்குறைய 80 லிட்டர். ரெண்டு ஆணை ஒண்ணா விட்டா ஒண்ணு எப்பவும் மூலையில ஒளிஞ்சு, தின்னாம, நாளாக நாளாக மெலிஞ்சு போகும்.

[காட்சி: ஆண், பெண் பக்கவாட்டில் அருகருகே, முதுகுத் துடுப்பு பெரிதாகக் காட்டப்படுகிறது]

ஆணா பெண்ணான்னு கண்டுபிடிக்க முதுகுத் துடுப்பைப் பாருங்க. ஆணுக்கு அது நீளமா, நுனி கூரா, பின்னாடி வால் பக்கம் வரைக்கும் போகும். பெண்ணுக்குக் குட்டையா, நுனி உருண்டையா இருக்கும், வயிறும் கொஞ்சம் பருத்திருக்கும். 6, 7 சென்டிமீட்டர் வளர்றதுக்கு முன்னாடி இது சரியா தெரியாது. ஒரு இன்ச் மீனைக் காட்டி "ஜோடி சார்"னு யாராவது சொன்னா நம்ப வேண்டாம். வாங்குறப்போ வயிறு ஒட்டிப்போகாம, கீழ தொங்குற ரெண்டு மீசைத் துடுப்பும் முழுசா இருக்கான்னு பாருங்க. அந்த மீசையாலதான் அது தொட்டு, ருசி பார்த்து நடமாடுது. டைகர் பார்ப் மாதிரி மீன்கள் அதைக் கடிச்சுக் கடிச்சுக் குட்டையாக்கிடும், அதனால ரெண்டையும் சேர்த்து வளர்க்காதீங்க.

கௌராமிக்குச் செவுளுக்கு மேல லேபிரிந்த்னு ஒரு உறுப்பு இருக்கு. செவுள் வளைவுல இருந்து உருவான, மடிப்பு மடிப்பான, ரத்தம் நிறைஞ்ச அமைப்பு. நம்ம ஊர் பனையேறிக் கெண்டைக்கும் இதே மாதிரி உறுப்புதான். மேல வந்து ஒரு வாய் காத்தை வாங்கி இந்த உறுப்புக்குள்ள அடைச்சு, அதுல இருந்தே ஆக்சிஜனை எடுத்துக்கும். இதனால ரெண்டு விஷயத்தை நீங்க மாத்திக்கணும். ஒண்ணு, டேங்க்கை விளிம்பு வரைக்கும் நிரப்பாதீங்க. தண்ணிக்கும் மூடிக்கும் நடுவுல 2 இன்ச் இடம் விட்டு, மேல மூடி போடுங்க. அந்த இடைவெளியில நிக்கிற காத்து தண்ணி அளவுக்கே சூடா, ஈரமா இருக்கணும். ரெண்டாவது, தண்ணி மேல எண்ணெய்ப் படலம் படிய விடாதீங்க. படிஞ்சா ஒரு பேப்பரை மேல விரிச்சு எடுங்க, ஒட்டிக்கிட்டு வந்துடும்.

"அதுதான் காத்துல இருந்தே மூச்சு விடுதே, ஃபில்டர் எதுக்கு?"ன்னு கேக்கிறவங்க உண்டு. ஆக்சிஜன் குறைஞ்சா இந்த மீன் சமாளிக்கும். அமோனியாவைச் சமாளிக்காது. கழிவுல இருந்து வர்ற அமோனியாவைச் சாப்பிடுற பாக்டீரியா ஃபில்டர்ல வளரணும், அதுக்கு 4-லிருந்து 6 வாரம் ஆகும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும், காத்தை மெதுவா வைங்க. வேகமான நீரோட்டம் கௌராமிக்குப் பிடிக்காது.

தண்ணி விஷயத்துல நீல கௌராமி ரொம்பப் பிடிவாதம் பிடிக்காது. பிஎச் 6-ல இருந்து 8 வரைக்கும் தாங்கும், வெப்பம் 24-ல இருந்து 28 டிகிரி. குழாய்த் தண்ணியில குளோரின் இருந்தா ஆன்டி குளோரின் போடுங்க, இல்லைன்னா ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் முழுக்க விட்டு வைங்க. போர் தண்ணி உப்பா இருந்தா ஆர்.ஓ. தண்ணியோட பாதிக்குப் பாதி கலந்துக்கங்க. சென்னையில வருஷத்துல பாதிக்கு மேல ஹீட்டர் தேவைப்படாது. மார்கழி, தை ராத்திரிகள்லயும் ஓசூர், கோவை பக்கத்துலயும் தேவைப்படும்.

சரி, இனப்பெருக்கம். ஜோடியைத் தொடுறதுக்கு முன்னாடி குஞ்சோட சாப்பாட்டுக்கு ஒரு ஜாடி தயார் பண்ணணும். இந்த வரிசையை மாத்தாதீங்க, ஏன்னா முட்டை வந்த பிறகு ஜாடி தயார் பண்ண நேரம் கிடையாது.

[காட்சி: வெள்ளைக் கண்ணாடி ஜாடி, உள்ளே முட்டைகோஸ் இலை, நாள் 1, நாள் 3, நாள் 6 என மூன்று நிலைகள்]

இன்ஃபியூசோரியான்னு சொல்ற, கண்ணுக்குச் சரியா தெரியாத நுண்ணுயிர்தான் கௌராமிக் குஞ்சோட முதல் சாப்பாடு. 5 லிட்டர் ஜாடியில 4 லிட்டர் பழைய டேங்க் தண்ணி ஊத்துங்க. புதுத் தண்ணி வேண்டாம், அதுல விதை உயிர் இருக்காது. வெயில்ல காய வச்ச ரெண்டு முட்டைகோஸ் இலை, இல்லைன்னா அரை வாழைப்பழத் தோல் போட்டு, வாயை மெல்லிய துணியால கட்டி, வெளிச்சம் விழுற நிழல்ல வைங்க. ரெண்டாவது, மூணாவது நாள் தண்ணி பால் மாதிரி கலங்கி நாத்தம் அடிக்கும். அது பாக்டீரியா, அந்த நிலைமையில குஞ்சுக்குக் கொடுத்தா டேங்க் கெட்டுடும். அஞ்சாவது, ஆறாவது நாள் கலங்கல் தெளிஞ்சு இளமஞ்சளா மாறும், நாத்தமும் குறையும். பாக்டீரியாவைத் தின்னு இன்ஃபியூசோரியா பெருகியாச்சுன்னு அர்த்தம். டார்ச் வெளிச்சத்துல பார்த்தா தூசி மாதிரி அசையும். ரெண்டு நாள் இடைவெளி விட்டு இன்னொரு ஜாடியையும் போட்டு வைங்க. ஒண்ணு தீர்ந்தா இன்னொண்ணு கைல இருக்கும்.

முதல் ஜாடி போட்ட அன்னைக்கே ஆணையும் பெண்ணையும் தனித்தனியா பிரிச்சு, ஒரு வாரம், பத்து நாள் நல்லா ஊட்டணும். கொசுப்புழு, பிளட் வார்ம், ஆர்டீமியா (உப்புத் தண்ணியில வளர்ற பொடி இறால் மாதிரி உயிர்)ன்னு நாளுக்கு ரெண்டு தடவை. டியூபிஃபெக்ஸ் புழு கொடுக்கிறதா இருந்தா ஓடுற தண்ணியில நல்லா அலசிக் கொடுங்க, சாக்கடையில வளர்றது அது.

பிரீடிங் டேங்க் 2 அடிக்கு ஒரு அடி. தண்ணி மட்டும் 6 இன்ச் உயரம், அதாவது 28 லிட்டர் சுமார். மணல், கல் எதுவும் வேண்டாம். வெப்பம் 28 டிகிரி. ஒரு பக்கம் ஆகாயத்தாமரை, சால்வினியா மாதிரி மிதக்கிற செடி. இன்னொரு பக்கம் வேலம்பாசி அடர்த்தியா. அது பெண்ணுக்கு ஒளிய இடம். ஸ்பாஞ்ச் ஃபில்டர்ல நொடிக்கு ஒரு குமிழி போதும், தண்ணி மேல அசைஞ்சா கூடு கலைஞ்சுடும். செடி இல்லைன்னா பாதியா வெட்டின தெர்மாகோல் கப்பை மூலையில டேப் போட்டு ஒட்டுங்க, அதுக்கு அடியிலயே ஆண் கூடு கட்டும்.

ஆணை ஒரு நாள் முன்னாடி விடுங்க. பெண்ணை அடி வெட்டின பெரிய பிளாஸ்டிக் பாட்டிலுக்குள்ள வச்சு ஆணோட கண்ணுல படுற மாதிரி நிறுத்துங்க. ஆண் எச்சிலும் காத்தும் கலந்த குமிழிகளைச் சேர்த்துக் கூடு கட்ட ஆரம்பிச்சதும் பெண்ணைத் திறந்து விடுங்க. முட்டை நிறையாத பெண்ணை விட்டா ஆண் விரட்டி விரட்டித் துடுப்பைக் கிழிச்சுடும், சில சமயம் கொன்னுடும். 24 மணி நேரத்துல எதுவும் நடக்கலைன்னா பிரிச்சுடுங்க. இன்னும் ஒரு வாரம் ஊட்டிட்டு மறுபடி பார்க்கலாம்.

[காட்சி: கூட்டுக்கு அடியில் ஆண் பெண்ணை வளைத்துக் கட்டிப் புரட்டுகிறது, முட்டைகள் மேலே மிதந்து போகின்றன]

கூட்டுக்கு அடியில ஆண் உடம்பை வளைச்சுப் பெண்ணைக் கட்டிப் புரட்டும். முட்டைக்குள்ள எண்ணெய்த் துளி இருக்கிறதால அது தானாவே மிதந்து மேல போகும். சிதறினதை ஆண் வாயால பொறுக்கிக் கூட்டுக்குள்ள துப்பும். இது திரும்பத் திரும்பச் சில மணி நேரம் நடக்கும். முடிஞ்சதும் ஆண் பெண்ணை விரட்ட ஆரம்பிக்கும். அந்த நிமிஷமே பெண்ணை எடுத்துடுங்க. ஆண் இருக்கட்டும், வெள்ளையாகிப் போன முட்டையை அதுவே நீக்கிடும். அதனால பூஞ்சைக்குப் போடுற மெத்திலீன் ப்ளூ மருந்தை ஊத்தத் தேவையில்ல. அது முட்டைக்கு உதவினாலும், பின்னாடி குஞ்சுக்கு வேண்டிய நுண்ணுயிரையும் சேர்த்து அழிச்சுடும்.

28 டிகிரியில 24-ல இருந்து 36 மணி நேரத்துல பொரிக்கும். முதல் ரெண்டு மூணு நாள் குஞ்சு வாலை ஆட்டிக்கிட்டுக் கூட்டுலயே தொங்கும், வயித்துல இருக்கிற மஞ்சள் கருவைத்தான் தின்னும். இந்த நாட்கள்ல சாப்பாடு போட்டா தண்ணி கெடுறதுதான் மிச்சம். குஞ்சு கிடைமட்டமா நீந்திக் கூட்டை விட்டுப் பரவ ஆரம்பிச்சதும் ரெண்டு வேலை: ஆணை எடுக்கணும், இன்ஃபியூசோரியா போடணும். ஆணை விட்டா இதுவரைக்கும் காவல் காத்த குஞ்சையே தின்ன ஆரம்பிச்சுடும்.

இங்கதான் முதல் பெரிய இழப்பு. கௌராமிக் குஞ்சோட வாய் அவ்வளவு பொடிசு. கப்பிக் குஞ்சுக்குப் போடுற பவுடர் உணவை இது வாய்க்குள்ள நுழைக்கவே முடியாது. பார்க்க டேங்க் நிறைய சாப்பாடு, ஆனா நாலாவது நாள்ல இருந்து குஞ்சு பட்டினியில சாகும். வேகவச்ச முட்டை மஞ்சள் கருவைக் கரைச்சு ஊத்துற வழக்கம் உண்டு. 28 லிட்டர்ல அது ஒரு சொட்டு அதிகமானாலும் ராத்திரிக்குள்ள அமோனியா ஏறிடும், வேற வழியே இல்லாதப்போதான் அதைத் தொடணும். இன்ஃபியூசோரியாவை ஒரு தடவைக்கு 50-ல இருந்து 100 மில்லி, நாளைக்கு மூணு தடவை, ஜாடியோட மேல்பக்கத்துல இருந்து உறிஞ்சு ஊத்துங்க. குஞ்சோட வயிறு லேசா புடைச்சிருக்கான்னு லென்ஸ் வச்சுப் பாருங்க. ராத்திரியும் மங்கலா ஒரு விளக்கு எரியட்டும், தின்ற நேரம் கூடும்.

ஏழாவதுல இருந்து பத்தாவது நாளுக்குள்ள ஆர்டீமியாவுக்கு மாறணும். ஒரு லிட்டர் தண்ணியில 25 கிராம் அயோடின் இல்லாத கல்லுப்பு, அரை டீஸ்பூன் ஆர்டீமியா முட்டை, கீழ இருந்து வேகமா காத்து, மேல ஒரு விளக்கு. 28 டிகிரியில ஒரு நாள்ல பொரிச்சுடும். காத்தை நிறுத்திட்டுப் பத்து நிமிஷம் விட்டா ஓடு மேல மிதக்கும், ஆரஞ்சு நிறத்துல உயிர் கீழ சேரும். கீழ இருக்கிறதை மட்டும் உறிஞ்சு, துணியில வடிச்சு, நல்ல தண்ணியில அலசிக் கொடுங்க. ஓடு கலந்துட்டா குஞ்சோட குடல் அடைபடும். முதல் தடவை கொஞ்சமா போட்டு அரை மணி கழிச்சுப் பாருங்க: வயிறு ஆரஞ்சா தெரியுற குஞ்சு தின்னிருக்கு. தெரியாத குஞ்சு பாதிக்கு மேல இருந்தா இன்ஃபியூசோரியாவை இன்னும் மூணு நாள் நிறுத்தாதீங்க.

தினமும் பத்துல ஒரு பங்கு தண்ணி மாத்துங்க. ஏர் டியூபோட நுனியில துணி கட்டி உறிஞ்சினா குஞ்சு உள்ள போகாது. புதுத் தண்ணியும் அதே சூட்டுல, சொட்டுச் சொட்டா போகணும். மட்டத்தைத் தினமும் ஒரு சென்டிமீட்டர் ஏத்திக்கிட்டே வாங்க. கண்ணாடியில பச்சை நூல் மாதிரி கை விரிச்சு ஒட்டியிருக்கிறதைப் பார்த்தா அது ஹைட்ரா, குஞ்சைப் பிடிச்சுத் தின்னும். செடியோடவும் உயிர் உணவோடவும் வந்துடும். வளர்ந்த நீல கௌராமி ஹைட்ராவை விரும்பித் தின்னும்ங்கிறதால, செடியைப் பெரிய டேங்க்ல சில நாள் போட்டு வச்சுட்டு எடுக்கிறது நல்ல வழி.

[காட்சி: மூடிய டேங்க்கின் கண்ணாடியில் ஈரத் துளிகள்]

மூணாவது வாரத்தை ஒட்டி லேபிரிந்த் வேலை செய்ய ஆரம்பிக்கும். குஞ்சுகள் ஒவ்வொண்ணா மேல வந்து காத்தைக் கவ்வுறதைப் பார்க்கலாம். அதுவரைக்கும் அது செவுளை மட்டும் நம்பி இருந்ததால மெல்லிய காத்தோட்டம் அவசியம். இப்ப மேல இருக்கிற காத்து முக்கியம். டேங்க் மேல கண்ணாடியோ பாலித்தீன் தாளோ போட்டு மூடி, மூலையில மட்டும் சின்ன இடைவெளி விடுங்க. ஏ.சி. அறையிலயும், ஃபேன் நேரா வீசுற இடத்துலயும் இந்த டேங்க் இருக்கக் கூடாது. குளிர்ந்த காத்து பட்டுச் செத்துடுச்சுன்னு எல்லா இழப்பையும் இதுமேல போடுறவங்க உண்டு. ஆனா மூணாவது வாரத்துல சாகுற குஞ்சுல நிறைய, முதல் வாரத்துல அரைவயிறா வளர்ந்ததுதான். நல்லா தின்ன குஞ்சு இந்தக் கட்டத்தைத் தைரியமா தாண்டும்.

நாலாவது வாரத்துல இருந்து பெருசு, சிறுசு பிரிங்க. ரெண்டு மடங்கு பெருசா வளர்ந்தது சின்னதைத் தின்னுடும். 28 லிட்டர்ல 300 குஞ்சு ஒரு மாசத்துக்கு மேல இருக்க முடியாது, சிமென்ட் தொட்டியோ பெரிய டப்போ இப்பவே ஏற்பாடு பண்ணுங்க.

முத்து கௌராமிக்கும் இதே முறைதான். ஆண் கொஞ்சம் சாது, ஆனா பயந்த சுபாவம், அதனால ஆள் நடமாட்டம் இல்லாத இடம் வேணும். கங்கை, பிரம்மபுத்திரா பக்கத்து மீனான டுவார்ஃப் கௌராமியை மட்டும் புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்குச் சிபாரிசு பண்ண மாட்டோம். பண்ணைகள்ல இருந்து வர்றதுல இரிடோவைரஸ் தொற்று இருக்க வாய்ப்பு உண்டு. நிறம் மங்கி, வயிறு வீங்கி, புண் வந்து செத்துடும், மருந்து கிடையாது.

மிச்சக் குஞ்சை ஏரியிலயோ கிணத்துலயோ விட்டுடாதீங்க. நீல கௌராமி தமிழ்நாட்டு நீர்நிலைகள்ல ஏற்கெனவே பதிவாகியிருக்கிற வெளியூர் மீன். நம்ம வாய்க்கால்ல இருக்கிற சின்ன மீன்களோட இடத்தையும் இரையையும் பறிச்சுக்கும். முட்டை போட விடுறதுக்கு முன்னாடியே பக்கத்துக் கடையில பேசி வைங்க. சென்னையில இருக்கிறவங்களுக்குக் கொளத்தூர் வண்ணமீன் சந்தை இருக்கு. ஒன்றரை இன்ச் வளர்ந்ததும் ஒரு நாள் பட்டினி போட்டு, பையில மூணுல ஒரு பங்கு தண்ணி, மீதி காத்து வச்சுக் கட்டிக் கொடுத்துடலாம். மீனுக்குக் காத்து வேணும்ங்கிறதால, தண்ணியை நிறைய ஊத்திக் காத்துக்கு இடம் இல்லாம கட்டிடாதீங்க.