பக்தின் வாங்காத டாக்டர் பட்டம்

(பாளையங்கோட்டையில் ஒரு மாதக் கூட்டத்தில் பேசியது. வாய் குளறிய இடங்களை மட்டும் சரிசெய்து எழுதியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். முதலில் ஒரு புகார். கூட்ட நோட்டீஸில் ‘முனைவர் மிகயில் பக்தின்’ என்று அடித்திருக்கிறார்கள். அடித்த தம்பியைக் குறை சொல்லவில்லை. தத்துவவாதி, இலக்கிய விமர்சகர், உலகம் முழுக்க மேற்கோள் காட்டுகிறார்கள், இவ்வளவு பெரிய ஆள் முனைவராக இல்லாமலா இருப்பார் என்று அவராகவே போட்டுவிட்டார். இல்லை தம்பி. பக்தினுக்கு டாக்டர் பட்டம் கொடுக்கவில்லை. ஓட்டெடுப்பு நடந்தது, அதில் அவர் ஜெயிக்கவும் செய்தார், அப்புறமும் கொடுக்கவில்லை. அந்தக் கதையைச் சொல்லத்தான் வந்தேன்.

ஆரம்பத்திலேயே ஒரு வில்லங்கம் இருக்கிறது. 1895இல் ரஷ்யாவில் ஓரியோல் என்கிற ஊரில் பிறந்தவர், அப்பாவுக்கு வங்கி வேலை, வில்னியஸ், ஒடெசா என்று ஊர் ஊராக வளர்ந்தார். பெத்ரோகிராடு பல்கலைக்கழகத்தில் படித்ததாகச் சொல்லிக்கொண்டார். பிற்பாடு பழைய பதிவேடுகளைத் துழாவியவர்களுக்கு அவர் பெயர் அகப்படவில்லை. அங்கே படித்தது அவருடைய அண்ணன் நிகொலாய். அண்ணன் சர்டிபிகேட்டில் தம்பி வேலைக்குப் போன கதை நம்ம பக்கம் ஊருக்கு ஒன்று உண்டு, யாரும் நெளிய வேண்டாம். அந்த அண்ணனும் லேசுப்பட்டவர் இல்லை. புரட்சிக்குப் பிறகு நாட்டை விட்டுப்போய், கடைசியில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார், தத்துவவாதி விட்கன்ஸ்டைனுக்கு நெருங்கிய சிநேகிதர்.

தம்பிக்கு அந்த மாதிரி எதுவும் அமையவில்லை. நெவெல், வித்தெப்ஸ்க் என்று சின்ன ஊர்களில் வாத்தியார் வேலை. சாயங்காலமானால் நாலைந்து சிநேகிதர்கள் சேர்ந்து, தேநீரை வைத்துக்கொண்டு, ஜெர்மன் தத்துவவாதி கான்ட்டைப் பற்றி விடிய விடியப் பேசுவார்கள். எலும்பில் சீழ் பிடிக்கிற நோய் வேறு. 1924இல் லெனின்கிராடுக்கு வந்தும் நிலையான வேலை இல்லை, நோயாளி என்று கொடுத்த சொற்பப் பென்ஷனில்தான் காலம் ஓடியது. 1929இல் தஸ்தயேவ்ஸ்கி பற்றிய புத்தகம் வெளிவந்தபோது எழுதியவர் ஏற்கெனவே கைதாகியிருந்தார். முதலில் சொலொவ்கி சிறைமுகாமில் ஐந்து வருடம் என்றார்கள். உடம்பு தாங்காது என்று பலர் மன்றாடியதில் கஜகஸ்தானில் குஸ்தனாய் என்ற ஊருக்கு நாடுகடத்தலாக அது குறைந்தது. அங்கே கணக்கு எழுதினார். கூட்டுப்பண்ணை ஆட்களுக்குக் கணக்குவைப்புச் சொல்லிக் கொடுத்தார். 1934இல் அவர் அச்சில் கொண்டுவந்த கட்டுரை எதைப் பற்றித் தெரியுமா? கூட்டுப்பண்ணை விவசாயிகள் என்னென்ன சாமான் கேட்கிறார்கள் என்பதைப் பற்றி.

1936இல் சரன்ஸ்க் என்ற ஊரில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் வேலை கிடைத்தது. அடுத்த வருடமே ஸ்டாலினின் களையெடுப்புக் காலம், பழைய கைதி என்று பார்வை விழுந்ததும் கிளம்ப வேண்டியதாயிற்று. 1938இல் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். மாஸ்கோவுக்குள் குடியிருக்க அனுமதி இல்லாததால், வெளியே ஒரு சிற்றூரில் இருந்துகொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஜெர்மன் சொல்லிக் கொடுத்தார். போர்க்காலத்தில் நடந்ததாக ஒரு கதையும் சொல்வார்கள். ஐரோப்பிய நாவலைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதி முடித்திருந்தார். பதிப்பகத்தில் இருந்த பிரதி குண்டுவீச்சில் போனது. கையில் இருந்த பிரதியை, சிகரெட் சுற்றத் தாள் கிடைக்காமல், கடைசிப் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கிழித்துப் புகைத்துவிட்டார். மிஞ்சியது முன்பகுதி மட்டும். நம்ம முக்கூடல் பீடியாக இருந்தால் இலையில் சுற்றியிருப்பார், புத்தகம் பிழைத்திருக்கும்.

சரி, பட்டத்துக்கு வருகிறேன். 1940இல் மாஸ்கோவில் கார்க்கி பெயரில் உள்ள உலக இலக்கிய நிறுவனத்துக்கு ஓர் ஆய்வேட்டைக் கொடுத்தார். பொருள், பதினாறாம் நூற்றாண்டு பிரெஞ்சு எழுத்தாளர் ரப்லே. அதாவது சந்தைக் கூச்சல், திருவிழாக் கூத்து, வயிறு, குடி, மலம் மூத்திரம், ராஜாவைக் கழுதையாக்கிச் சிரிக்கிற சிரிப்பு. போர் வந்து எல்லாம் நின்றது. வாய்மொழித் தேர்வு நடந்த தேதி 1946 நவம்பர் 15. என்னுடைய வைவாவுக்கு நான் இரண்டு வருடம் காத்திருந்தேன் (எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள்), அப்போது இந்த ஆறு வருடக் கணக்கை நினைத்துத்தான் மனசைத் தேற்றிக்கொள்வேன்.

அந்த வருடம் ஆகஸ்டில்தான் இலக்கியவாதிகளைப் பார்த்துக் கம்யூனிஸ்ட் கட்சி உறுமியிருந்தது. கவிஞர் அக்மதோவாவையும் கதைக்காரர் சோஷ்சென்கோவையும் பத்திரிகையில் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அந்த நேரத்தில் ஒற்றைக் காலோடு ஐம்பது வயசு மனிதர் ஒருவர் சபையில் நின்று, கீழ்வயிற்றுச் சிரிப்புக்கு ஒரு தத்துவம் இருக்கிறது என்கிறார். அவர் கேட்டது ‘கேண்டிடேட்’ பட்டம், அதாவது டாக்டருக்கு ஒரு படி கீழே. தேர்வாளர்கள் மூன்று பேரும், இதற்குக் கேண்டிடேட் போதாது, நேராக டாக்டர் பட்டமே கொடுக்கலாம் என்றார்கள். அங்கேதான் வினை. ஒருவர் எழுந்து, வர்க்கப் போராட்டம் இதில் எங்கே என்றார். இன்னொருவருக்கு அந்த உடம்புச் சமாசாரங்களே கூசியது. பல மணி நேரம் நடந்தது. கடைசியில் வாக்கெடுப்பு. கேண்டிடேட் பட்டத்துக்குப் பதின்மூன்று பேரும் சரி என்றார்கள். டாக்டர் பட்டத்துக்கு ஏழு பேர் வேண்டும், ஆறு பேர் வேண்டாம். ஒரே ஓட்டு!

ஜெயித்தாயிற்றே என்று தோன்றும். ஆனால் மேலே ஓர் ஆணையம் இருந்தது, டாக்டர் பட்டம் என்றால் அது ஒப்ப வேண்டும். கோப்பு அங்கே போய்ப் படுத்துக்கொண்டது. திருத்து என்றார்கள், திருத்திக் கொடுத்தார், பத்திரிகையில் தாக்கி எழுதினார்கள். ஐந்தாறு வருடம் இழுத்தடித்துவிட்டு, டாக்டர் இல்லை, கேண்டிடேட் மட்டும் என்று முடித்தார்கள்.

இதை ஒரு சோகக் கதையாகச் சொல்வது எளிது. நான் அப்படிப் பார்க்கவில்லை. 1945இல் அவர் திரும்ப சரன்ஸ்க் கல்லூரிக்கே போய்விட்டார், அது 1957இல் பல்கலைக்கழகமானது, இலக்கியத் துறைக்குத் தலைவராக இருந்து 1961இல் ஓய்வு பெற்றார். மாஸ்கோவுக்கும் சரன்ஸ்குக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய நமக்கும் சென்னைக்கும் உள்ளதுதான். நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கி, ஒரு கையெழுத்துக்காக அலைந்துவிட்டு அன்றைக்கே திரும்புகிற நம்ம ஊர் ஆசிரியர்களுக்கு அந்தத் தூரம் புரியும். பக்தின் சரன்ஸ்கில் வகுப்பு எடுத்துக்கொண்டே யோசித்தார். நாங்குநேரிக்காரர் நா. வானமாமலை பள்ளிக்கூட வேலையை விட்டு, இதே பாளையங்கோட்டையில் ட்யூட்டோரியல் நடத்திக்கொண்டு, 1967இல் நெல்லை ஆய்வுக் குழுவைக் கூட்டி, 1969இலிருந்து ‘ஆராய்ச்சி’ பத்திரிகையைக் கொண்டுவந்தாரே, அதைப் பார்த்தவர்களுக்கு இதில் அதிசயம் எதுவும் இருக்காது. கட்டுரையை வாசிக்க ஒருவர், மடக்க நாலு பேர், அவ்வளவு இருந்தால் போதும்.

மடக்குவது என்று சொன்னேன் பாருங்கள், அதுதான் விஷயம். தஸ்தயேவ்ஸ்கி நாவலில் பாத்திரங்கள் ஆசிரியர் சொல்கிறபடி தலையாட்டுவதில்லை, ஒவ்வொருவனும் தன் வாதத்தோடு நிற்கிறான் என்றார் பக்தின். பன்குரல்தன்மை என்று தமிழில் சொல்கிறோம். இங்கே ஒரு மாணவர் வில்லுப்பாட்டில் பன்குரல் என்று கட்டுரை கொண்டுவந்தார். புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டிப் பாட, குடமடிக்கிறவரும் பின்பாட்டுக்காரரும் ‘ஆமா, ஆமா’ என்று வாங்கிப் பாடுகிறார்கள், இரண்டு மூன்று குரல் இருக்கிறதே என்றார். எத்தனை பேர் ஆமாம் போட்டாலும் அது ஒரு குரல்தான் தம்பி என்றேன். பின்பாட்டுக்காரர் நடுவில் புகுந்து, அது எப்படிவே சுடலை அப்படிச் செய்யலாம் என்று மடக்குகிறார் பாருங்கள், அந்த இடத்தைப் பிடித்து எழுதச் சொன்னேன்.

இன்னொரு தொல்லை ‘கார்னிவல்’, அதாவது மேல்கீழைத் தலைகீழாக்கிச் சிரிக்கிற திருவிழா என்று ரப்லேயை வைத்துப் பக்தின் சொன்னது. குலசேகரன்பட்டினம் தசராவைப் பார்த்ததும் பக்தினைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். போலீஸ் வேஷம், குரங்கு வேஷம், சேலை கட்டிய மீசைக்காரர், நல்ல வசதியுள்ள கடைக்காரர் பிச்சைக்கார வேஷத்தில் நம்மிடமே காசு கேட்பார், மேல்கீழ் எல்லாம் தலைகீழ். ரப்லே இருந்தால் குதித்திருப்பார். ஆனால் அந்தக் கடைக்காரர் மாலை போட்டு விரதம் இருக்கிறார், வாங்கிய காசு முத்தாரம்மன் உண்டியலுக்குப் போகிறது. காளி வேஷம் கட்டியவர் முன்னால் நின்று யாராவது சிரித்துப் பாருங்கள். பக்தின் சொன்ன சிரிப்பு பயத்தை விரட்டுகிற சிரிப்பு. இங்கே பயமும் சிரிப்பும் ஒரே செட்டில், ஒரே வேனில் வருகின்றன. இதை அவரிடம் போய்ச் சொல்ல முடிந்தால் அவருக்குப் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

1960 வாக்கில் அதே கார்க்கி நிறுவனத்து இளைஞர்கள் மூன்று பேர் பழைய தஸ்தயேவ்ஸ்கி புத்தகத்தைப் படித்தார்கள். எழுதியவர் செத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். உயிரோடு சரன்ஸ்கில் இருக்கிறார் என்று தெரிந்ததும் ரயில் ஏறிப்போய்ப் பார்த்தார்கள். அவர்கள் விடாமல் அலைந்ததில் அந்தப் புத்தகம் 1963இல் திருத்திய பதிப்பாக வந்தது. 1965இல் ரப்லே வந்தது. 1946இல் டாக்டர் பட்டத்துக்குத் தகராறான அதே ஆய்வேடுதான், கொஞ்சம் மாற்றி எழுதியது. அதற்குப் பிறகு பத்து வருடம் இருந்தார், 1975இல் மாஸ்கோவில் காலமானார்.

அந்த ரப்லே புத்தகத்தை மேற்கோள் காட்டி டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் நம்ம ஜில்லாவிலேயே சில பேர் இருக்கிறோம். நோட்டீஸில் என் பெயருக்கு முன்னால் போட்டிருக்கிற ‘முனைவர்’ அப்படி வந்ததுதான். சரி, மைக்கைப் பின்வரிசைக்குக் கொடுங்கள், அங்கே ஒரு அண்ணாச்சி ரொம்ப நேரமாகத் தலையை ஆட்டி மறுத்துக்கொண்டே இருக்கிறார்.