ராமாராவும் நாகேஸ்வரராவும்: தமிழுக்குப் பாதி வந்த ஜோடி

நேயர்களுக்கு வணக்கம்.

‘மாயா பஜார்’ படத்தை நான் முதலில் பார்த்தது தமிழில்தான். கண்ணனாக என்.டி.ராமாராவ், அபிமன்யுவாக ஜெமினி கணேசன், வத்சலாவாகச் சாவித்திரி. நிலா வெளிச்சத்தில் படகு போகும், ‘ஆஹா இன்ப நிலாவினிலே’ என்று கண்டசாலாவும் பி.லீலாவும் பாடுவார்கள். பல வருஷம் கழித்துத் தெலுங்குப் படத்தைப் பார்த்தேன். அதே ராமாராவ், அதே சாவித்திரி, அதே மெட்டு. அபிமன்யு மட்டும் வேறு ஆள், அக்கினேனி நாகேஸ்வரராவ். தமிழில் கண்ணனுக்கு ஒரு மருமகன் இருந்தான், அவ்வளவுதான். தெலுங்கிலோ, மாமனும் மருமகனும் ஒரே காட்சியில் வரும்போது கொட்டகை முழுக்க இருவருடைய ரசிகர்களும் இரண்டு கட்சியாக உட்கார்ந்திருப்பார்கள். தெலுங்கு சினிமாவின் இந்த இரண்டு பெரிய நாயகர்களின் கூட்டைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இருவரும் ஆந்திராவில் கிருஷ்ணா மாவட்டத்துக்காரர்கள். ராமாராவ் நிம்மகூரு, நாகேஸ்வரராவ் குடிவாடா பக்கத்து ராமாபுரம். நாகேஸ்வரராவ் நாடக மேடையில் பெண் வேஷம் கட்டிப் பேர் வாங்கியவர். சினிமாவில் அவர்தான் மூத்தவர். ராமாராவ் சப் ரிஜிஸ்ட்ரார் வேலையைச் சில வாரங்களிலேயே விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்து 1949-ல் முதல் படத்தில் நடித்தபோது, நாகேஸ்வரராவ் ஏற்கெனவே ஸ்டார். அடுத்த வருஷமே ‘பல்லெட்டூரி பில்லா’, ‘சம்சாரம்’ என்று இரண்டு படங்களில் சேர்ந்து நடித்தார்கள். 1950-லிருந்து 1963 வரை பதினொரு படங்கள், பிறகு 1977-லிருந்து 1981 வரை மூன்று. மொத்தம் 14.

இரண்டு நாயகர்கள் ஒரு படத்தில் நடித்தால் சீனுக்குச் சீன், பாட்டுக்குப் பாட்டு தராசில் நிறுத்துப் பங்கு போடுவது வழக்கம். இவர்களுடைய நல்ல படங்களில் அந்தத் தராசைக் காணோம். ஒவ்வொரு படத்திலும் யாராவது ஒருவர் அரை அடி பின்னால் நிற்கிறார். அந்த அரை அடிதான் இந்த ஜோடியின் உயிர் என்று நான் நினைக்கிறேன்.

1955-ல் வந்த ‘மிஸ்ஸம்மா’வையே பாருங்கள். எல்.வி.பிரசாத் இயக்கம், விஜயா புரொடக்‌ஷன்ஸ் தயாரிப்பு. கதாநாயகன் ராமாராவ், கதாநாயகி சாவித்திரி. நாகேஸ்வரராவுக்கு என்ன வேஷம் தெரியுமா? பூதக்கண்ணாடியும் கையுமாகத் துப்பறிகிறேன் என்று ஊரைச் சுற்றி வரும் ஒரு பையன். இரண்டு வருஷத்துக்கு முன்புதான் ‘தேவதாசு’வில் நடித்து ஊரையே அழவைத்தவர் அவர். அந்தச் சோக முகம் தன்மேல் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று விரும்பித்தான் இந்தச் சின்ன வேஷத்தை எடுத்துக்கொண்டார். தமிழில் அதே படம் ‘மிஸ்ஸியம்மா’வாக வந்தபோது கதாநாயகன் ஜெமினி கணேசன், துப்பறிபவர் கே.ஏ.தங்கவேலு. தங்கவேலு செய்தால் சிரிப்பு வருவதில் ஆச்சரியம் இல்லை, அவர் அதற்கென்றே பிறந்தவர். தெலுங்கில் நாம் பார்ப்பது வேறு விஷயம். முதல் இடத்தில் இருக்கும் ஒரு கதாநாயகன், எதிரே நிற்கும் போட்டி நடிகருக்குக் கதையின் நடுவிடத்தைக் கொடுத்துவிட்டு ஓரத்தில் நின்று குழந்தை மாதிரி விளையாடுகிறார். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அது அலுக்கவில்லை.

அடுத்த வருஷம் ‘தெனாலி ராமகிருஷ்ணா’வில் முறை மாறியது. படம் முழுக்கத் தெனாலியாக நாகேஸ்வரராவ்; சிம்மாசனத்தில் உட்கார்ந்து கேட்டுச் சிரிக்கும் கிருஷ்ணதேவராயர் ராமாராவ். இயக்குநர் பி.எஸ்.ரங்கா இதைத் தமிழிலும் எடுத்தார். தமிழில் தெனாலிராமன் சிவாஜி, ராயர் அதே ராமாராவ். ‘பூகைலாஸ்’ படத்தில் ராமாராவ் ராவணன், நாகேஸ்வரராவ் நாரதர். பெரிய உடம்பு, கம்பீரக் குரல் ஒரு பக்கம்; லேசான நடை, கண்ணில் குறும்பு மறுபக்கம். இருவருடைய இயல்பையும் இதைவிடப் பொருத்தமாக யாரும் பயன்படுத்தியதாக எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் 1962, ‘குண்டம்ம கதா’. ராமாராவுக்கு 100-வது படம், நாகேஸ்வரராவுக்கு 99-வது. இப்படி ஒரு படத்துக்கு யார் பெயரை வைப்பார்கள்? தயாரிப்பாளர்கள் நாகிரெட்டியும் சக்ரபாணியும், குண்டம்மாவாக நடித்த சூரியகாந்தம் அம்மாவின் பாத்திரப் பெயரை வைத்தார்கள். இரண்டு நாயகர்கள் இருக்க, படம் ஒரு மாமியாரின் பெயரில்! ராமாராவ் அதில் வேலைக்காரனாக வேஷம் போட்டு அந்த வீட்டுக்குள் நுழைகிறார். கண்ணனாகக் கிரீடம் வைத்துத் தெலுங்கு மக்கள் கும்பிட்ட மனிதர், அரை டிரவுசரோடு ஆட்டுக்கல் பக்கத்தில் உட்கார்ந்து மாவாட்டிக்கொண்டே பாடுகிறார். தன் நூறாவது படத்தில் இப்படி உட்காரச் சம்மதித்த நட்சத்திரத்தை நினைத்தால் மரியாதை கூடுகிறது. நாகேஸ்வரராவ், குண்டம்மாவின் மகளைக் கட்டிக்கொண்டு அவளுடைய திமிரை அடக்குகிற, ராமாராவின் தம்பி. இந்தப் படமும் ‘மனிதன் மாறவில்லை’ என்று தமிழில் வந்தது. நாகேஸ்வரராவுக்கு அது 100-வது படம். ராமாராவ் இடத்தில் ஜெமினி கணேசன்.

கவனித்தீர்களா? ‘மாயா பஜா’ரிலும் ‘தெனாலிராம’னிலும் நமக்கு ராமாராவ் கிடைத்தார். ‘மனிதன் மாறவில்லை’யில் நாகேஸ்வரராவ் கிடைத்தார். ‘மிஸ்ஸியம்மா’வில் இருவருமே இல்லை. இவையெல்லாம் சென்னை ஸ்டூடியோக்களில் நம் பக்கத்திலேயே எடுக்கப்பட்டவை. ஆனாலும் இந்த நான்கு படங்களில் எதிலும் இருவரும் சேர்ந்து தமிழுக்கு வரவில்லை. ஜெமினியையும் சிவாஜியையும் குறை சொல்லவில்லை, அவர்களும் அருமையாகவே செய்தார்கள். ஆனால் ஒருவர் பேசும்போது மற்றவர் எப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதைப் பார்க்க நாம் தெலுங்குப் படங்களுக்குத்தான் போகவேண்டும்.

1963-ல் ‘ஸ்ரீகிருஷ்ணார்ஜுன யுத்தம்’. கண்ணனும் அர்ஜுனனும் ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆயுதம் எடுக்கும் கதை. அதற்குப் பிறகு 14 வருஷம் இருவரும் சேரவே இல்லை. மறுபடி சேர்ந்தது 1977-ல், ராமாராவே இயக்கிய ‘சாணக்ய சந்திரகுப்தா’வில். சந்திரகுப்தன் அவர், சாணக்கியன் நாகேஸ்வரராவ். அலெக்ஸாண்டராக நம் சிவாஜி வந்தார். இருவருக்கும் ஐம்பது வயது தாண்டியிருந்தது. குருவின் வேஷத்தை நண்பருக்குக் கொடுத்துவிட்டு ராமாராவ் சீடனாக நின்றார்.

அடுத்து ‘ராம கிருஷ்ணுலு’, கடைசியாக 1981-ல் ‘சத்யம் சிவம்’. மறு வருஷம் ராமாராவ் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கிவிட்டார். பதினைந்தாவது படம் வரவில்லை.

கேட்க நேரம் கிடைத்தால் ‘குண்டம்ம கதா’வில் ‘கோலோ கோலோயன்னா’ என்ற பாட்டைக் கேளுங்கள். அண்ணன் தம்பி இருவரும் அவரவர் மனைவியோடு பாடும் பாட்டு அது. இரண்டு நாயகர்களுக்கும் பாடியவர் ஒருவரே, கண்டசாலா. 1974-ல் அவர் காலமானார். மூன்று வருஷம் கழித்து ராமாராவும் நாகேஸ்வரராவும் மறுபடி ஒரே திரையில் வந்தபோது, இருவருக்கும் பொதுவாக இருந்த அந்தக் குரல் இல்லை.

வணக்கம்.