பாவம் என்று சொல்லலாம், விரட்டு என்று சொல்லலாமா?

வணக்கம் நேயர்களே.

தொண்டியிலிருந்து தனுஷ்கோடி வரை மைக் செட் சத்தம் கேட்காத ஊர் நம் கரையில் இல்லை. கோயில் சொற்பொழிவு, ஜும்மா பயான், தேவாலயப் பிரசங்கம் எல்லாம் தெருவுக்கே கேட்கும். 'ஆணும் ஆணும் கூடி வாழ்வது எங்கள் வேதப்படி பாவம்' என்று ஒருவர் அந்த மைக்கில் சொன்னால் குற்றமா? இல்லை. கேட்பவருக்கு வலிக்கும், ஆனாலும் அது அவருடைய நம்பிக்கை, சொல்ல உரிமை உண்டு. 'அவர்களை ஊருக்குள் விடாதே, அடித்துத் துரத்து' என்றால் கதை வேறு. கருத்தைச் சொல்வது, அதற்காக வாதாடுவது, தூண்டிவிடுவது என்று மூன்றாகப் பிரித்து, தூண்டும் கட்டத்தில்தான் சட்டம் கைவைக்கலாம் என்று 2015இல், இணையத்தில் கருத்துச் சொல்வது பற்றிய ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இங்கிலாந்தில் இதைத் தெளிவாகவே எழுதிவிட்டார்கள். பாலீர்ப்பை, அதாவது ஒருவருக்கு எந்தப் பாலினத்தார் மேல் ஈர்ப்பு என்பதை, காரணமாக்கி வெறுப்பைத் தூண்டுவது அங்கே 2010 மார்ச் முதல் தனிக் குற்றம். சொல் மிரட்டலாக இருக்க வேண்டும், தூண்டும் நோக்கமும் இருக்க வேண்டும். வெறும் வசவு போதாது. பாலியல் நடத்தையை விமர்சிப்பதும் அதை விட்டுவிடச் சொல்வதும் மட்டுமே குற்றமாகாது என்று தனிப் பிரிவும் உண்டு. போதகருக்கும் பயமில்லை, தன்பாலீர்ப்பாளருக்கும் காப்பு.

நம் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், பிரிவினரிடையே பகையைத் தூண்டுவதைக் குற்றமாக்கும் 196ஆம் பிரிவு மதம், இனம், மொழி, சாதி என்று பெயர் சொல்லிவிட்டு, 'வேறு எந்தக் காரணத்தாலும்' என்று முடித்துக்கொள்கிறது. பாலீர்ப்பு அதில் அடங்குமா என்று வழக்குக்கு வழக்கு வாதாட வேண்டியிருக்கிறது. பெயர் சொல்லி எழுதியே ஆக வேண்டும் என்பேன். இந்தப் பிரிவில் தண்டனை 3 ஆண்டு வரை. வழிபாட்டுத் தலத்தில் பேசினால் 5 ஆண்டு வரை.

வழக்கு பெரும்பாலும் சறுக்குவது சாட்சியத்தில்தான். வாட்ஸப்பில் வந்த அரை நிமிடத் துண்டு உதவாது. முன்னும் பின்னும் சேர்த்து முழுப் பேச்சு வேண்டும், பதிவு செய்த போனை அப்படியே வைத்திருக்க வேண்டும். மின்னணுப் பதிவின் நகலோடு தர வேண்டிய, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் இல்லாமல் நகலைக் கொடுத்தால் எதிர்த்தரப்பு அங்கேயே மறிக்கும். புகாரில் 'கேவலமாகப் பேசினார்' என்று எழுதாமல், பேசிய சொல்லைப் பேசியபடியே, நேரம், இடத்தோடு எழுதுங்கள். நிலையத்தில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம்; அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். 'அரசு அனுமதி வேண்டும்' என்று திருப்பி அனுப்பினால் நம்பாதீர்கள். அந்த அனுமதி நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுக்கத்தான் வேண்டும், எப்.ஐ.ஆர். பதிய வேண்டியதில்லை.

பாதிக்கப்பட்ட பிள்ளைதான் நேரில் வர வேண்டும் என்பதும் கிடையாது. பேச்சைக் கேட்ட யாரும் புகார் கொடுக்கலாம்.